வீட்டில் மொழிப்பாடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் நிலை மொழிப்பாடத் தொகுப்பை வாங்கி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறாள், கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே திணறுகிறாள். தொகுப்பை ஓரங்கட்டிவிட்டு முதல் நிலைக்கே போய்விடலாமா?

ப: முழுதாகப் போக வேண்டாம். வாசிப்பை மட்டும் இறக்குங்கள், மற்றவை மூன்றாம் நிலையிலேயே இருக்கட்டும்.

மொழிப்பாடம் என்று ஒரே அட்டைக்குள் வருவது ஒரே பாடம் அல்ல. எழுத்துக்கூட்டி வாசிப்பது, கேட்டுப் புரிந்துகொள்வது, பிழையின்றி எழுதுவது, சொந்தமாக எழுதுவது, இலக்கணம் என எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு பிள்ளை இவை எல்லாவற்றிலும் ஒரே படியில் நிற்பது அபூர்வம். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்துக்கூட்டும் திறனைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உங்கள் மகளுக்கு இரண்டாவது நன்றாக இருக்கிறது, முதலாவதுதான் பின்தங்கியிருக்கிறது. முழுத் தொகுப்பையும் இறக்கினால், நன்றாக வளர்ந்துவரும் பகுதிக்கும் தீனி இல்லாமல் போகும். “அது மரம். மரம் பெரிது” என்ற அளவிலான பாடத்தை எட்டு வயதுக்காரி மதிக்கவும் மாட்டாள்.

முதலில் அவள் வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அவள் முன்பு வாசித்திராத பத்தி ஒன்றில் 50 சொற்களை எடுத்து, அதன் நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாய்விட்டு வாசிக்கும்போது தவறாகச் சொன்ன சொல், விட்டுப்போன சொல், நீங்கள் எடுத்துக்கொடுத்த சொல் மூன்றையும் பிழையாகக் குறியுங்கள். தானே திருத்திக்கொண்டால் அது பிழை இல்லை. எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள். நூற்றுக்கு 5 அல்லது அதற்குக் குறைவு என்றால் அந்தப் புத்தகத்தைத் தனியாக வாசிக்கலாம். 10 வரை என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து துணை செய்தால் போதும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவளுக்கு இல்லை. வழக்கமாக நூறு சொல் பத்தியைத்தான் சொல்வார்கள். ஆனால் தமிழில் ‘மரத்திலிருந்து’ என்பது ஒரே சொல், திணறும் பிள்ளைக்கு ஐம்பதே போதுமான சுமை.

பிழைகளின் எண்ணிக்கையைவிட அவை விழும் இடம் முக்கியம். ‘மரத்திலிருந்து’ என்பதை ‘மரத்தில்’ என்று முடித்துவிட்டால், எழுத்து தெரிகிறது, சொல்லின் வால் வரை கண் போகவில்லை. ‘கொடி’யைக் ‘கெடி’ என்றால் எழுத்திலேயே பிரச்சினை. இரண்டுக்கும் பயிற்சி வேறு.

பிறகு நாளுக்கு 45 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். 15 நிமிடம் அவள் நிலைக்கேற்ற எழுத்து, சொல் பயிற்சி. 10 நிமிடம் 50 முதல் 100 சொல் கொண்ட ஒரே பத்தியை மறுபடி மறுபடி வாசித்தல். மூன்று நான்கு முறைக்குள் தடுமாற்றம் குறையும், குறைந்ததும் புதுப் பத்திக்கு மாறுங்கள். மீதி 20 நிமிடம் மூன்றாம் நிலைப் பாடத்தையோ அதற்கும் மேலானதையோ நீங்கள் வாசிக்க, அவள் கேட்டுப் பேச வேண்டும். அந்தப் பாடத்தின் கேள்விகளுக்கு வாயால் பதில் சொன்னால் போதும், இலக்கணப் பயிற்சியும் வாய்மொழியாகவே நடக்கட்டும். சொல்வதெழுதுதலுக்கான சொற்களை மட்டும் அவள் வாசிக்கும் நிலையிலிருந்து எடுங்கள். மூன்றாம் நிலைப் பட்டியலைக் கொடுத்தால், வாசிக்கவே தெரியாத சொல்லை மனப்பாடம் செய்து எழுதி, அடுத்த வாரமே மறந்துவிடுவாள்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் இரண்டு காரணங்களால் கெடுகிறது. ஒன்று, பத்தியில் படம் இருப்பது: படத்தைப் பார்த்து ஊகித்தே வாசித்துவிடுவார்கள், வாசிக்கும்போது படத்தை மூடிவிடுங்கள். இன்னொன்று, அட்டையில் பெரிதாக ‘1’ என்று அச்சிட்டிருப்பது. அட்டையைக் கிழித்துவிட்டு வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம்.

கே: மகன் தனி எழுத்துகளை எப்படிக் கேட்டாலும் சொல்கிறான். சொல்லாகச் சேர்த்தால் தப்பு. ‘கொக்கு’ என்பதைக் ‘கெர’ என்று தொடங்குகிறான். ‘தம்பி’யில் வரும் ‘பி’யை ‘பிள்ளை’யில் வரும் ‘பி’ மாதிரியே சொல்லிவிட்டு, அப்படி ஒரு சொல்லே இல்லையே என்று விழிக்கிறான். எங்கள் புத்தகத்தில் இதற்குப் பாடமே இல்லை.

ப: இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். பல புத்தகங்கள் 247 எழுத்துகளையும் வரிசையாகக் காட்டிவிட்டு நேரே சொற்களுக்குத் தாவிவிடுவதால் இரண்டும் அப்படியே தங்கிவிடுகின்றன.

முதலாவது கண் சம்பந்தப்பட்டது. ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பிறகு வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு முதலில் ‘கெ’ கிடைக்கிறது. மிஞ்சிய துணைக்கால் பார்க்க ‘ர’ போலவே இருப்பதால் ‘கெர’ ஆகிவிடுகிறது. அவன் கவனக்குறைவாக வாசிக்கவில்லை, கண்ணில் பட்டதைப் பட்ட வரிசையிலேயே சொல்கிறான்.

தாளை வெட்டி மூன்று வகைத் துண்டுகள் செய்யுங்கள்: க, ச, த, ப, ம, ட எழுதிய ஆறு துண்டுகள், ஒரு கொம்பு, ஒரு துணைக்கால். ‘க’வை நடுவில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கொம்பை இடப்பக்கம் வைத்தால் ‘கெ’. துணைக்காலையும் வலப்பக்கம் சேர்த்தால் ‘கொ’. அதே இடத்தில் ‘க’வை எடுத்துவிட்டு ‘ப’வை வையுங்கள், ‘பொ’. கொம்பும் காலும் நகராமல் நடு எழுத்து மட்டும் மாறுவதை அவன் கையாலேயே செய்ய வேண்டும். அடுத்து அச்சிட்ட பத்தியில் கொ, பொ, தொ வரும் இடங்களுக்கு அடியில் பென்சிலால் ஒரு வளைவு போட்டு மூன்றையும் ஒன்றாகக் கட்டச் சொல்லுங்கள். வளைவு போட்ட பிறகே வாசிக்க வேண்டும். கொடி, பொம்மை, தொடு, சொல், மொட்டு என்று நான்கைந்து நாள் ஓட்டிவிட்டு, வளைவு இல்லாமல் வாசிக்கவிடுங்கள். ஒகரம் நிலைத்த பிறகுதான் இரட்டைக்கொம்புக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்தால் இரண்டும் குழம்பும்.

இந்தத் துண்டு முறையை மற்றக் குறிகளுக்கும் கொண்டுபோகலாம். 18 மெய், 11 குறி தெரிந்தால் உயிர்மெய்யில் பெரும்பகுதி தானே வந்துவிடும். உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகள் மட்டும் இதற்கு அடங்காது. கு, சு, து, லு ஒவ்வொன்றின் சுழியும் வேறு மாதிரி. அவற்றைத் தனியாக, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போகாமல் பழக்குங்கள்.

இரண்டாவது சிக்கல் காது சம்பந்தப்பட்டது. வல்லின எழுத்து ஒன்றுதான், இடத்துக்கேற்ப ஒலி மாறும். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும்: படம், அப்பா. மெல்லினத்துக்குப் பின் அதிர்ந்து ஒலிக்கும்: பாம்பு, தங்கம், வண்டி, பந்து. உயிர்களுக்கு நடுவே மென்மையாகும்: ‘பகல்’ என்பதில் ‘க’, ‘படம்’ என்பதில் ‘ட’, ‘பசி’ என்பதில் ‘சி’. விதியாகச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது. ‘ம்ப’, ‘ங்க’, ‘ஞ்ச’, ‘ண்ட’, ‘ந்த’ என்ற ஐந்து இணைகளையும் ஐந்து அட்டைகளில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரே ஒலிக்கட்டாகப் பழக்குங்கள். ‘ம்’ என்று நிறுத்திப் பிறகு ‘ப’ என்று சொல்லவிடாதீர்கள், நிறுத்தினாலே ஒலி கெட்டுவிடும். ஒரு வாரம் இந்த ஐந்து இணைகள் வரும் சொற்கள் மட்டும் போதும். பஸ், பல்பு போன்ற இரவல் சொற்கள் தொடக்கத்திலேயே மாறி ஒலிக்கும். அவற்றை இந்த வாரப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இந்த அட்டைகளால் எழுத்துப்பிழைக்கும் ஒரு பலன் உண்டு. டகரத்துக்கு முன் வருவது ‘ண்’, தகரத்துக்கு முன் ‘ந்’, றகரத்துக்கு முன் ‘ன்’. வண்டி, பந்து, கன்று. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயரிலேயே குறிப்பு இருக்கிறது, பெயரைச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ல, ள, ழ விஷயத்தில் இப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. சொல் சொல்லாகத்தான் பார்த்துப் பழக வேண்டும்.

கே: ஏழு வயது மகன் வாயால் அரைமணி நேரம் கதை சொல்வான். எழுதச் சொன்னால் இரண்டு வரியில் அழுகை. ஒர்க்புக்கில் வாரம் ஒரு கட்டுரை கேட்கிறார்கள்.

ப: கட்டுரை எழுதும்போது பிள்ளை ஒரே சமயத்தில் யோசிக்கிறான், வாக்கியத்தை நினைவில் பிடித்துவைக்கிறான், எழுத்துக்கூட்டுகிறான், பென்சிலை ஓட்டுகிறான். எங்கே அறுபடுகிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். அச்சில் இருக்கும் மூன்று வாக்கியங்களைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதுவே இழுத்தடித்தால், கை வலித்தால், சிக்கல் கையில். பார்த்து எழுதுவது சுலபமாக முடிந்து, சொந்தமாக எழுதும்போது மட்டும் நின்றால், சிக்கல் எழுத்துக்கூட்டலிலோ வாக்கியத்தைப் பிடித்துவைப்பதிலோ இருக்கிறது.

கை என்றால்: பாதம் இரண்டும் தரையில் படியட்டும், மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். முழுப் பென்சிலுக்குப் பதில் ஒரு விரல் நீளத் துண்டுப் பென்சில் கொடுங்கள். நீளம் குறைந்தால் முஷ்டியாகப் பிடிக்க இடம் இருக்காது, மூன்று விரல் பிடி தானாக வரும். அகலக் கோடு போட்ட தாளில் நாளுக்கு 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இ, ண, ஞ போன்ற சுழி எழுத்துகளை எங்கே தொடங்குகிறான் என்று கவனியுங்கள். கீழிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் கை திரும்பத் திரும்ப நின்று போகும்.

எழுத்துக்கூட்டலோ வாக்கியத்தைப் பிடித்துவைப்பதோ என்றால்: அவன் சொல்ல, நீங்கள் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள். மறுநாள் அதில் இரண்டு வாக்கியங்களை அவன் பார்த்து எழுதட்டும். அதற்கு மறுநாள் அவற்றில் ஒன்றை நீங்கள் சொல்ல, அவன் எழுதட்டும். இது பழகியதும் அடுத்த கதையின் முதல் வாக்கியம் அவனுடையது, மீதி உங்களுடையது. பிறகு மாறி மாறி ஆளுக்கொன்று. அவசரப்பட்டு ‘இன்றைக்கு முழுதும் நீயே எழுது’ என்று கையை எடுத்துக்கொள்ளும் பெற்றோர்தான் அதிகம், அழுகை திரும்பி வருவதும் அன்றைக்குத்தான். திருத்தும்போது ஒரு தாளில் ஒரே வகைப் பிழையை மட்டும் தொடுங்கள்.

கே: மகள் நிறைய எழுதுகிறாள், ஆனால் ‘நாய் ஓடி வந்துச்சு’, ‘வீட்டுல இருந்தாங்க’ என்று பேச்சு நடையில். ஒவ்வொன்றாகத் திருத்தினால் எழுதுவதையே நிறுத்திவிடுகிறாள்.

ப: முதல் வரைவைத் தொடாதீர்கள், பேச்சு நடையிலேயே வரட்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘சொல்வது’, வலப்பக்கம் ‘எழுதுவது’ என்று தலைப்பிடுங்கள். வாரம் ஒரு சொல்லின் முடிவை (விகுதியை) மட்டும் திருத்த எடுங்கள்: முதல் வாரம் வந்துச்சு–வந்தது, ஓடுச்சு–ஓடியது. அடுத்து வீட்டுல–வீட்டில், கடையில–கடையில். அடுத்து வந்தாங்க–வந்தார்கள். அந்த வாரம் அவள் வரைவில் அந்த விகுதி வரும் இடங்களை அவளே வட்டமிட்டு மாற்ற வேண்டும், மற்றவை அப்படியே கிடக்கட்டும். கதையில் ஒருவர் பேசுவதாக வரும் வரி பேச்சு நடையிலேயே இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாட்டிகூட மேடைப்பேச்சு பேச ஆரம்பித்துவிடுவார். வாயால் கதை சொல்லும்போது குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள்.

கே: ஒன்பது வயது மகள் ஒரு வார ஒர்க்புக்கை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு ‘போர்’ என்கிறாள். அடுத்த நிலை வாங்கிவிடலாமா?

ப: அதற்கு முன் பாடத்தின் இறுதியில் இருக்கும் தேர்வைத் தொடக்கத்திலேயே கொடுங்கள். பத்துக்கு ஒன்பது வந்தால் அந்தப் பாடத்தைத் தாண்டிவிடுங்கள். குறைந்தால், தவறிய வகைப் பயிற்சி மட்டும். மிச்சப்படும் நேரத்தை இன்னொரு ஒர்க்புக்கால் நிரப்பாமல் நீளமான எழுத்துக்குக் கொடுங்கள்: ஒரே கதையை வேறொரு பாத்திரத்தின் பார்வையில் எழுதுவது, தன் கட்டுரையை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குவது. வேகமாக வாசிக்கும் பிள்ளைகள் பலருக்குச் சுருக்கி எழுத வராது, அங்கே வேலை இருக்கும்.

கே: ஒரு மாற்றம் பலிக்கிறதா என்று எவ்வளவு நாள் பொறுத்துப் பார்ப்பது? எப்போது நிபுணரிடம் போக வேண்டும்?

ப: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே கடினத்தில் புதிய 50 சொல் பத்தி கொடுத்து, பிழைகளைத் தேதியோடு குறித்துவையுங்கள். புத்தகம், நேரம், முறை மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

ஆறு வாரம் ஒழுங்காக நடந்தும் பிழை எண்ணிக்கை அசையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். ஏழு வயது வரை எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். எதுகைச் சொற்களைக் கேட்டுச் சொல்லத் தெரியாமை, நன்றாகத் தெரிந்த சொல்லையே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டி வாசிப்பது, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்திருப்பது, இவை சேர்ந்து வந்தால் டிஸ்லெக்ஸியா (எழுத்துக்கூட்டி வாசிப்பதில் தொடர்ந்து வரும் கற்றல் சிரமம்) பரிசோதனை தேவை. வரி மாறிப்போவது, விரல் வைத்தால்தான் வாசிப்பது என்றால் முதலில் கண் பரிசோதனை. அடிக்கடி காது வலி வந்த பிள்ளை என்றால் செவித்திறனையும் பார்த்துவிடுங்கள். போகும்போது பிழை குறித்த அந்தப் பத்திகளைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். ‘சரியாகப் படிக்க மாட்டேங்கிறான்’ என்ற ஒரு வரியைவிட, எந்தச் சொல்லில் எப்படித் தடுமாறினான் என்ற குறிப்புதான் அவர்களுக்கு உதவும்.