ஆங்கிலச் சந்தேகம்: கோஸ்ட்டுக்கு முன் எது?

கேள்வி: கடலோரத்தைக் குறிக்கும் 'கோஸ்ட்' (coast) என்ற சொல்லோடு இன் (in), ஆன் (on), ஆஃப் (off) இவற்றில் எதைச் சேர்ப்பது?

பதில்: ஊர் கரையோரம் இருந்தால் 'ஆன்'. 'பிரைட்டன் இஸ் ஆன் த சவுத் கோஸ்ட்.' தமிழில் 'கடற்கரையில்' என்று சொல்லிப் பழகியதால் பலர் 'இன்' போட்டுவிடுகிறார்கள். இங்கே அது பிழை.

கரையைத் தாண்டிக் கடலுக்குள் இருக்கும் தீவு, கப்பல், புயல் போன்றவற்றுக்கு இரண்டு எஃப் உள்ள 'ஆஃப்': 'லண்டி இஸ் ஆஃப் த டெவன் கோஸ்ட்.' (லண்டி, இங்கிலாந்தின் டெவன் பகுதிக்கு அருகே உள்ள தீவு.) எழுதும்போது ஓர் எஃப் விட்டுப்போனால் வாக்கியமே உடைந்துவிடும். தூரம் சொல்வதில்தான் அதிகம் சறுக்குவார்கள். '10 மைல்ஸ் ஆஃப் த கோஸ்ட்' என்றால் நடுநீரில். கரையிலிருந்து நிலப்பக்கம் தள்ளி இருக்கும் வீட்டின் தூரத்துக்கு 'ஃப்ரம் த கோஸ்ட்' என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் படகில்தான் வரவேண்டும்! ஏரிக்கரைக்கு 'ஷோர்'. மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட 'பீச்' போதும்.