டெயில் லைட்டை வீட்டிலேயே கறுப்பாக்கி எல்.இ.டி. மாட்டலாமா?

எல்.இ.டி. தாராளமாக மாட்டலாம். கறுப்பு ஸ்ப்ரே மட்டும் வேண்டாங்க. அந்தப் பூச்சு பிரேக் வெளிச்சத்தைத்தான் குறைக்கும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள், பனிமூட்டம் வேறு. பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் பிரேக் விளக்கு பளிச்சென்று தெரிந்தே ஆக வேண்டும்.

பல கார்களில் பார்க் விளக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்பு: உள்ளே 5 வாட்ஸ், 21 வாட்ஸ் என இரண்டு இழைகள். ஆகவே எல்.இ.டி.யும் இரட்டை வெளிச்சம் உள்ளதாக இருக்கட்டும். இல்லையென்றால் பிரேக் அழுத்தினாலும் வித்தியாசம் தெரியாது. சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்.இ.டி.யே வாங்குங்கள். வெள்ளை போட்டால் அதன் ஒளியில் பெரும்பகுதியை லென்ஸ் தடுத்துவிடும்.

இண்டிகேட்டரையும் மாற்றினால் அது படபடவென்று வேகமாகச் சிமிட்டலாம். எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், பல்பு போய்விட்டதாக ஃபிளாஷர் (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பாகம்) எடுத்துக்கொள்கிறது. தனி ஃபிளாஷர் ரிலே உள்ள வண்டியில் எல்.இ.டி.க்கான ரிலே போட்டால் போதும். கரண்ட் இழுப்பைக் கூட்டும் ரெசிஸ்டர் வைத்தும் சரிசெய்யலாம், ஆனால் அது கடுமையாகச் சூடேறும். பிளாஸ்டிக்கிலோ வயரிலோ படாமல் உலோகத்தில் திருகி வையுங்கள்.

அப்புறம், நம்ம ஊர் வெயிலில் லென்ஸ் மங்கியிருந்தால் 1000, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போடுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், லென்ஸ் வெடித்துக் கீறல் விடும். கறுப்பு அடிப்பதைவிட இதில்தான் வண்டி புதுசாகத் தெரியும்.