துணி டிரையர் சூடாகிப் பாதியில் நின்றுவிடுகிறது, தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடலாமா?

கேட்டிருப்பவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். மழைக்காலத்துக்கென்று வாங்கிய டிரையர், சூடான காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகை. கொஞ்ச நேரம் ஓடியதும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி நின்றுவிடுகிறது, ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக், தெர்மோஸ்டாட் (சூடு அளவு மீறினால் ஹீட்டரை கட் செய்யும் சுவிட்ச்) போய்விட்டது என்கிறார். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். சூடானதும் நிறுத்தி, ஆறியதும் ஓடவிடுகிறது என்றால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சரியாகத்தான் வேலை செய்கிறது. ஏன் அவ்வளவு சூடாகிறது என்பதைத்தான் தேட வேண்டும். பத்தில் எட்டு மெஷினில் அது காற்றுத் தடையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இந்த மெஷின் அறைக் காற்றை இழுத்து, ஹீட்டர் காயில் மேல் செலுத்தி, டிரம்முக்குள் விட்டு, ஈரத்தோடு வெளியே தள்ளுகிறது. வெளியே போகும் காற்றுதான் சூட்டையும் கொண்டுபோகிறது. ஹீட்டரோ 2000 வாட் சுமாருக்கு ஒரே மாதிரி எரிந்துகொண்டிருக்கும். காற்று பாதியாகக் குறைந்தால் அத்தனை சூடும் அந்தப் பாதிக் காற்றில்தான் ஏறியாக வேண்டும். துணி காயாமல் மெஷின் மட்டும் கொதிப்பது அதனால்தான்.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். டிரம் சுற்றிக்கொண்டே இருந்து சூடு மட்டும் நின்றால், ஹீட்டர் பக்கத்துத் தெர்மோஸ்டாட் கட் செய்திருக்கிறது. டிரம்மும் சேர்ந்து நின்று, அரை மணி போல ஆறியதும் கிளம்பினால், பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்கும் ஓவர்லோடு, அதாவது மோட்டார் சூடானால் அதை நிறுத்தும் சுவிட்ச். எவ்வளவு ஆறினாலும் கிளம்பவே இல்லை என்றால் தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் பாதுகாப்பு) போயிருக்கலாம். அது ஒருமுறை போனால் போனதுதான், புதிதாகத்தான் போட வேண்டும்.

எங்கள் வீட்டிலும் (பாண்டி, முத்தியால்பேட்டை) இதே கதை நடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய வாரம், வீட்டில் காய்ந்த துணி என்று ஒன்றுகூட இல்லை. மெஷின் ஓயாமல் ஓடி, நடுநடுவே நின்றது. பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றினேன். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே அது தொங்கி வளைந்திருந்த இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கியிருந்தது. ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகி அங்கேயே நின்றிருக்கிறது. அதில் துண்டின் பஞ்செல்லாம் ஊறி, சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரிப் படிந்து முக்கால்வாசி வழியை அடைத்திருந்தது. வெளிச்சுவர் மூடியில் இன்னொரு கூத்து. கொசு வராமல் இருக்க யாரோ வலை அடித்திருந்தார்கள், வலை முழுக்கப் பஞ்சு. தீபாவளிக்கு அடித்த பெயிண்டில் மூடியின் இதழ்கள் வேறு ஒட்டிக்கொண்டிருந்தன.

அதனால் உங்களுக்கு முதல் சோதனை: ஜன்னல்களைத் திறந்துவைத்து, குழாயை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு ஒரு லோடு போடுங்கள். அறை புழுங்கும், பரவாயில்லை. நிற்காமல் ஓடி முடித்தால் தெர்மோஸ்டாட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம், குற்றவாளி குழாயும் மூடியும்தான். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியக் குழாய் போடுங்கள். நீளம் குறைவாக, வளைவு குறைவாக, வெளிப்பக்கம் லேசாகச் சரிவாக இருக்கட்டும். இணைப்புக்கு அலுமினிய டேப் போதும். ஸ்க்ரூ முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில்தான் முதலில் சிக்கும். கொசுவலை வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பஞ்சு ஃபில்டர். தினமும் பஞ்சை எடுக்கிறோமே என்பீர்கள். வாசனைக்குப் போடும் கண்டிஷனர் வலைக்கண்களில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்காகப் படியும். ஃபில்டரைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் சட்டென்று இறங்காமல் மேலேயே நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கிறது என்று அர்த்தம். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து மாட்டுங்கள்.

குழாயில்லாமல் ஓட்டியும் நின்றால் மட்டும் மெஷினுக்குள் போக வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தாலோ கரகரத்தாலோ உருளைகள், பெல்ட் பக்கம் கோளாறு. கடற்கரை ஊரில் துருவுக்குச் சொல்லவா வேண்டும். மோட்டார் முக்கிச் சுற்றிச் சூடாகி நிற்கும். ஊதும் விசிறியில் குழந்தையின் சாக்ஸ் மாட்டியிருந்தாலும் காற்று வராது.

வோல்டேஜையும் பாருங்கள். 180க்கு இறங்கினால் ஹீட்டரின் சூடு அறுபது சதவீதமாகக் குறையும், ஆனால் மோட்டார் திணறிச் சூடாகும். சாயங்காலம் மட்டும் நிற்கிறது, விடியற்காலையில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் சந்தேகம் இங்கேதான். பிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசரில் இதை மாட்டிவிடாதீர்கள், தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது, 16 ஆம்பியர் சாக்கெட்தான். பிளக் கால்களில் பச்சைக் களிம்போ, சாக்கெட் ஓரத்தில் பழுப்போ தெரிந்தால் இரண்டையும் மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பயம். "தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு டைரக்ட் கொடுத்துடலாம் சார், நிக்கவே நிக்காது" என்று என்னிடமும் ஒருவர் சொன்னார். நிற்காதுதான், பற்றி எரியும்வரை நிற்காது. காய்ந்த பஞ்சு எப்படிப் பிடிக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஃபில்டரிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மொட்டைமாடியில் தீக்குச்சி வைத்துப் பாருங்கள்.

நடுவில் நின்றுபோனால் துணியை அப்படியே உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆறவைக்கும் கடைசிச் சுற்று நடக்காததால் துணி சூடாகச் சுருண்டு கிடக்கும். முக்கியமாக நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு, அடுப்படித் துணி இதெல்லாம். துவைத்தாலும் எண்ணெய் முழுசாகப் போகாது. சூடாகக் குவிந்து கிடந்தால் எண்ணெய் தானாகவே சூடேறிப் புகைந்து தீப்பிடிக்கும். அந்தத் துணிகளை டிரையரில் போடாமல் கொடியிலேயே உலர்த்துங்கள், காய நாலு நாள் ஆனாலும் சரி. மற்றவற்றை உடனே வெளியே எடுத்து உதறி விரித்துவிடுங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது மெஷினை ஓட்டவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டே பழுதாக இருக்க வாய்ப்பு உண்டா? உண்டு. காற்று நன்றாக வெளியே வருகிறது, டிரம் லேசாகச் சுற்றுகிறது, வோல்டேஜும் சரி, ஆனாலும் நிற்கிறது என்றால் மாற்றுங்கள். மாற்றும்போது அதே பார்ட் நம்பர்தானா என்று பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கட் ஆகும் டிகிரி வேறாக இருக்கும். கூடவே ஹீட்டர் காயில் தொங்கித் தகட்டில் உரசுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உரசினால் சரியான எர்த் இணைப்பு உள்ள வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்ட்டை கட் செய்யும் சுவிட்ச்) கீழே விழும், அப்படி ஏதாவது விழுந்திருந்தால் அதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குழாயைக் கழற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.