நடைபாதையை அடைத்து நிற்கும் கேபிள் பெட்டி: எதை அளப்பது, யாரிடம் என்ன கேட்பது

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய நடைபாதையில் போன மாதம் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனது. கொஞ்சம் தள்ளி எதிர்ப்பக்கத்தில் விளக்குக் கம்பம். இரண்டுக்கும் நடுவே அம்மாவின் சக்கர நாற்காலி போகவில்லை. சாலையில் இறங்கித்தான் சுற்றி வருகிறோம். அருகிலேயே கதவு உடைந்த பழைய பெட்டி ஒன்றும் நிற்கிறது. அது யாருடையது என்றே தெரியவில்லை. இவற்றை எடுக்கச் சொல்ல முடியுமா?

பதில்: கதவு உடைந்த பெட்டியிலிருந்து தொடங்குவோம். அதை இன்றைக்கே தெரிவித்தாக வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று உறுதியாகும்வரை அதை மின்சாரப் பெட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீதியோர மின் பெட்டிக்குள் ஃபியூஸ் கட்டைகளும் செம்புப் பட்டைகளும் மறைப்பில்லாமல் இருக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்பில் 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும். ஈரக்கையோடு ஒரு குழந்தை தொட்டால் போதும். கதவைக் கம்பியால் கட்டி மூடப் பார்க்காதீர்கள், அந்தக் கம்பியே உள்ளே நழுவி விழக்கூடும். மின்துறையின் அவசர எண்ணை அழைத்து, பெட்டி இருக்கும் இடம், கதவின் நிலை, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிவது என்ன என்ற மூன்றையும் சொல்லிப் புகார் எண் வாங்கிவிடுங்கள். தங்களுடையது இல்லையென்றாலும், வந்து பார்க்கும் லைன்மேனால் அது எந்த வகைப் பெட்டி என்று சொல்லிவிட முடியும்.

ஃபைபர் பெட்டி, அதாவது ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழைகளுக்கான பெட்டி என்று தெரியவந்தால் மின் ஆபத்து குறைவு. ஆனாலும் அறுந்து தொங்கும் இழையின் முனையை நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. அதில் ஓடுவது 1310, 1490, 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி, கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சமே இல்லையே என்று நம்பிப் பார்ப்பதில்தான் ஆபத்து. உடைந்த இழைத் துணுக்கு கண்ணாடி முள் போன்றது, தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இனி புதுப் பெட்டி. எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் "இடையூறாக இருக்கிறது, அகற்றவும்" என்று எழுதும் மனு பெரும்பாலும் கோப்பிலேயே தூங்கிவிடும். அகலம் எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்ற எண்ணும், அதைச் சரிசெய்யப் போதுமான மிகச் சிறிய வேலை எது என்ற கோரிக்கையும் சேர்ந்திருக்கும் மனுவுக்குத்தான் பொறியாளர் நேரில் வருவார்.

யாருடைய பெட்டி?

வெளியிலிருந்தே பாதி தெரிந்துவிடும். கதவின் மேல்மூலையிலோ பக்கவாட்டிலோ சிறிய தகடு ஒன்று, அல்லது ஸ்டென்சில் வைத்து அடித்த எழுத்தும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால்தான் நிறுவனத்தின் பதிவேட்டில் பெட்டி அகப்படும்; வீட்டு முகவரி மட்டும் சொன்னால் அடுத்த தெருப் பெட்டியைப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று புகாரை முடித்துவிடுவார்கள். காற்றுத் துளைகளும் விசிறிச் சத்தமும் இருந்தால் உள்ளே மின்சாரத்தில் இயங்கும் தொலைத்தொடர்புக் கருவி இருக்கிறது, பெரும்பாலும் பேட்டரியும் இருக்கும். துளையும் சத்தமும் இல்லாமல் மெலிந்து நிற்பது ஃபைபர் பிரிக்கும் பெட்டியாகவோ பழைய செம்புக் கம்பி இணைப்புப் பெட்டியாகவோ இருக்கும். விசிறி இல்லாமல் ஒரே சீராக முனகினால் டிரான்ஸ்ஃபார்மர் என்று கொள்ளலாம். எண் அழிந்திருந்தால் தரையைப் பாருங்கள். சில மீட்டருக்குள் ஓர் இரும்பு மூடி இருக்கும். பெட்டிக்கான கேபிள்கள் பெரும்பாலும் அந்தக் குழி வழியாகத்தான் வரும், மூடியில் வார்த்திருக்கும் எழுத்துகள் உரியவரைக் காட்டிக்கொடுக்கும்.

எதை அளப்பது?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பெட்டியின் கதவிலிருந்து டேப் பிடிக்காதீர்கள். அடியில் உள்ள கான்கிரீட் பீடம் பெட்டியைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாற்காலியின் முன்சக்கரம் முதலில் இடிப்பது அதன் விளிம்பில்தான். பீடத்தின் விளிம்பிலிருந்து எதிரே முதலில் குறுக்கிடும் பொருள்வரை, அது கம்பமோ மரமோ நடைபாதையின் ஓரக்கல்லோ, நேர்க்குறுக்காக அளங்கள். அதுதான் தடையில்லாத அகலம். மொத்த நடைபாதை 2 மீட்டர் என்று வரைபடத்தில் இருப்பது உங்கள் வாதத்துக்கு உதவாது.

உங்கள் விஷயத்தில் இன்னோர் அளவும் வேண்டும். கம்பம் "கொஞ்சம் தள்ளி" என்கிறீர்கள். பெட்டி ஒரு பக்கமும் கம்பம் மறுபக்கமும் முன்பின்னாக நிற்கும்போது, ஒவ்வொன்றின் அருகிலும் தனித்தனியே 1 மீட்டர் இருந்தாலும், நாற்காலி இரண்டுக்கும் நடுவே வளைந்து திரும்ப வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி பக்கவாட்டில் நகராது. முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் கேட்கும். ஆகவே பீடத்தின் மூலையிலிருந்து கம்பம்வரை மூலைவாட்டமாகவும் அளந்து குறியுங்கள். அலுவலகத்தில் வரைபடம் பார்த்து "அகலம் போதும்" என்று சொல்பவருக்கு இந்த எண்தான் பதில்.

எவ்வளவு இருந்தால் போதும்? கையால் தள்ளும் நாற்காலி பொதுவாக 65 முதல் 70 சென்டிமீட்டர் அகலம். சக்கரத்தைத் தாமே உருட்டுபவரின் முழங்கையும் விரல்முட்டிகளும் அதற்கு வெளியே வரும். 75 சென்டிமீட்டர் இடைவெளி கணக்கில் சரி, நடைமுறையில் கை சிராய்க்கும். பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி 2 மீட்டர் அகலத்தை இயல்பான அளவாகவும், 1.5 மீட்டரைப் பெரும்பாலான சூழல்களுக்கான குறைந்தபட்சமாகவும், தடை இருக்கும் இடத்தில் 1 மீட்டரை அறுதி எல்லையாகவும் சொல்கிறது. அந்தக் குறுகல் 6 மீட்டர் நீளத்தைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவின் 2023 விதித்தொகுப்பு 48 அங்குலம், அதாவது சுமார் 1.22 மீட்டர் கேட்கிறது. இந்தியாவில் சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 நடைபாதை வழிகாட்டி குடியிருப்புப் பகுதிக்கே 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டு அளவு எதுவோ அதை மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள்.

பெட்டிக் கதவு திறக்கும் திசையையும் கவனியுங்கள். 60, 70 சென்டிமீட்டர் அகலக் கதவு பாதைக்குக் குறுக்கே திறந்தால், பராமரிப்பு நாளில் மிச்சமிருந்த இடமும் போய்விடும். வீட்டு வாகன வாயிலுக்குப் பக்கத்தில் பெட்டி நின்றால் பார்வையையும் சோதிக்க வேண்டும். வாயிலின் இருபுறமும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் முக்கோணத்துக்குள் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான எதுவும் இருக்கக்கூடாது என்பது பிரிட்டனில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 1.4 மீட்டர் உயரப் பெட்டிக்குப் பின்னால் நடந்துவரும் ஐந்து வயதுக் குழந்தை, பின்னால் வண்டி எடுப்பவருக்குத் தெரியவே தெரியாது. இடம் போதவில்லை என்பதைவிட வலுவான காரணம் இது. பொருந்துமானால் மனுவின் முதல் வரியில் வையுங்கள்.

ஏன் நகர்த்தத் தயங்குகிறார்கள்?

பெட்டி வெறும் உறைதான். அதைப் பிடித்துவைத்திருப்பது பீடத்தின் அடியில் இருக்கும் குழாய்களும் கேபிள்களும். செம்புக் கம்பிப் பெட்டி என்றால் உள்ளே நூற்றுக்கணக்கான கம்பி இணைகள், அதாவது இரண்டிரண்டாக வரும் கம்பிகள். நகர்த்தினால் ஒவ்வோர் இணையையும் இருபுறமும் மறுபடி ஜாயின்ட் போடவேண்டும், தெருவுக்கே சேவை நிற்கும். விசிறி ஓடும் பெட்டிக்கு மின் இணைப்பும் பூமித்தொடர்பும் புதிதாகத் தரவேண்டியிருக்கும், அதற்கு மின்துறையும் வரவேண்டும். ஃபைபர் பெட்டிக்கு நிலைமை கொஞ்சம் சாதகம். பக்கத்துக் குழிக்குள் கேபிளைச் சில மீட்டர் உபரியாகச் சுருட்டி வைப்பது வழக்கம். அந்தச் சுருள் எட்டும் தூரத்துக்குள் நகர்த்தச் சொன்னால், இழைகளை வெட்டி ஒட்டும் வேலை இல்லாமலே முடிந்துவிட வாய்ப்புண்டு. "எங்காவது தூரமாக வையுங்கள்" என்று கேட்டால் அந்த வாய்ப்பை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே கோரிக்கையைப் படிப்படியாக வையுங்கள். கதவுதான் சிக்கல் என்றால் கீலை மறுபக்கம் மாற்றினாலே போதும். பெட்டியின் நீளப்பக்கம் பாதைக்குக் குறுக்கே நின்றால் 90 பாகை திருப்பச் சொல்லலாம். 40 சென்டிமீட்டர் ஆழமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பெட்டியைத் திருப்பினால் 40 சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கும். கம்பம் நிற்கும் அதே பக்கத்துக்கு, அதே வரிசையில் பெட்டியையும் கொண்டுபோகச் சொல்வது உங்களுக்குப் பொருந்தும். தடைகளெல்லாம் ஒரே கோட்டில் நின்றால் மறுபக்கம் நேர்ப்பாதையாகிவிடும். சாலை விளிம்பை ஒட்டி வைக்கும்போது ஓரக்கல்லிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைப்பார்கள், பேருந்துக் கண்ணாடியும் லாரிப் பலகையும் இடிக்காமலிருக்க. அதையும் கணக்கில் சேர்த்து, மீதி எவ்வளவு என்று பார்த்தபிறகே கேளுங்கள்.

எதற்கும் இடமில்லாத ஒடுக்கமான தெருவில், பெட்டியை விட்டுவிட்டு அந்த ஓரிடத்தில் மட்டும் நடைபாதையைச் சாலைப்பக்கம் 60 சென்டிமீட்டர் அகலப்படுத்தும்படி உள்ளாட்சியிடம் கேட்கலாம். ஒரு வண்டி நிறுத்துமிடம் போகும், அவ்வளவுதான். நிலத்தடியில் புதைக்கச் சொல்வது எல்லாப் பெட்டிக்கும் ஒத்துவராது. நீர் புகாத ஃபைபர் ஜாயின்ட் உறை குழிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், ஆனால் விசிறியும் பேட்டரியும் உள்ள கருவி வெப்பத்திலும் வெள்ளத்திலும் சீக்கிரம் செத்துவிடும்.

பழைய பெட்டிக்கு வேறு கேள்வி: அது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா? செம்புத் தொலைபேசி இணைப்புகள் ஃபைபருக்கு மாறிய தெருக்களில் காலிக் கூடுகள் பல அப்படியே நிற்கின்றன. பயன்பாட்டில் இல்லை என்று எழுத்தில் வாங்கிவிட்டால் அகற்றச் சொல்வது எளிது.

மனு

இரண்டு இடத்துக்கு ஒரே நாளில் போகவேண்டும்: பெட்டியின் உரிமையாளருக்கும், சாலையைப் பராமரிக்கும் அமைப்புக்கும். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார். இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகள்படி, பொது இடத்தில் வைக்க அந்த இடத்துக்குரிய அமைப்பிடம் நிறுவனம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். வேறு நாடுகளிலும் ஏதோவொரு வடிவில் அனுமதியோ முன்னறிவிப்போ இருக்கும். அந்த அனுமதியின் நகலையும் இட வரைபடத்தையும் கேளுங்கள். தோண்டும்போது தண்ணீர்க் குழாயோ மரவேரோ குறுக்கிட்டால், வேலையாட்கள் வரைபடத்தை விட்டு அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளிப் பீடம் போட்டுவிடுவதுண்டு. அனுமதித்த இடம் வேறு, வைத்த இடம் வேறு என்று தெரிந்தால் திருத்தும் பொறுப்பு முழுக்க நிறுவனத்துடையது.

எழுதவேண்டியது இவ்வளவுதான்: "இந்த எண்ணுள்ள தங்கள் பெட்டியின் பீடத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே நேர்க்குறுக்கில் இத்தனை, மூலைவாட்டத்தில் இத்தனை சென்டிமீட்டர் மட்டுமே மிஞ்சியுள்ளது. சக்கர நாற்காலியில் செல்பவர் தினமும் சாலையில் இறங்க நேர்கிறது. பெட்டியைக் கம்பத்தின் வரிசைக்கு மாற்றித் தரவும். இயலாதெனில் காரணத்தையும் மாற்று ஏற்பாட்டையும் எழுத்தில் தெரிவிக்கவும். அனுமதி நகலும் வரைபடமும் வேண்டும்." டேப் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படம் ஒன்று, தெருவின் இரு திசையிலிருந்தும் ஒவ்வொன்று, கதவு திறந்திருக்கும்போது கிடைத்தால் இன்னொன்று. ஒப்புகை எண் இல்லாமல் திரும்பாதீர்கள்.

பெட்டியை நீங்களே அசைப்பது, பீடத்தைச் சுற்றித் தோண்டுவது, காற்றுத் துளையை மறைத்துச் செடித்தொட்டி வைப்பது எதுவும் வேண்டாம். கேபிள் அதிக ஆழத்தில் இருக்காது. அறுந்தால் ஆம்புலன்ஸ் அழைப்புகூடப் போகாமல் ஒரு தெருவே துண்டிக்கப்படும்.

அக்கம்பக்கத்தில் இன்னும் பெட்டி வராதவர்கள் சாலையில் வண்ணக் குறிகளைக் கவனிக்கட்டும். அமெரிக்க வழக்கத்தில் வெள்ளை தோண்டப்போகும் இடத்தையும், ஆரஞ்சு தொலைத்தொடர்பையும், சிவப்பு மின்சாரத்தையும், நீலம் குடிநீரையும் குறிக்கும். மற்ற நாடுகளில் நிறம் வேறாக இருக்கலாம். கான்கிரீட் ஊற்றும் முன் சொன்னால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை, ஊற்றியபின் மாதக்கணக்கில் இழுக்கும்.

பெட்டி நகர்ந்தபிறகு பழைய பீடத்தை மறந்துவிடாதீர்கள். பெட்டியை மட்டும் கழற்றிவிட்டு, நான்கு போல்ட் முனைகளோடு பீடத்தை அப்படியே விட்டுப்போவதுண்டு. இருட்டில் கால் இடறும். போல்ட்டோடு பீடத்தையும் எடுத்து, நடைபாதை மட்டத்துக்குச் சமமாக மூடச் சொல்லுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு ஒட்டுப்போட்ட இடத்தின்மேல் நேரான கட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள். நடுவில் விரல் நுழையும் பள்ளம் இருந்தால் அடிமண் சரியாகக் கெட்டிக்கப்படவில்லை. பிரிட்டனில் இதற்குத் தோண்டியவரே குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் பொறுப்பு. உங்கள் ஊரில் அந்தக் காலம் எவ்வளவு என்று கேட்டு, அது முடிவதற்குள் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டே திரும்ப எழுதுங்கள்.