ராத்திரி மருந்தை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. குளிர்காய்ச்சலோடு இரண்டு முறை யூரின் இன்ஃபெக்ஷன் வந்தது. ஸ்கேன் எடுத்ததில், மூத்திரம் பையிலிருந்து கிட்னி பக்கம் திரும்ப ஏறுகிறது, கிரேடு 3 ரிஃப்ளக்ஸ் (ஐந்து படிகளில் நடுப்படி) என்றார்கள். பத்து மாதமாகத் தினமும் ராத்திரி ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்கிறேன். "இப்படி மருந்தை ஊத்தினா புள்ள கிட்னி என்னத்துக்கு ஆகும்?" என்று மாமியார் சத்தம் போடுகிறார். நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. ராத்திரி கொடுக்கும் அளவு, தொற்று வந்தபோது கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் உங்கள் மாமியாரின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். நான் படித்த காலத்தில் ரிஃப்ளக்ஸ் என்றாலே சிரப் எழுதினோம். அதனால் எவ்வளவு பலன் என்று காட்டும் பெரிய ஆய்வு அப்போது எங்கள் கையில் இல்லை.

அது 2014-இல்தான் வந்தது. அமெரிக்காவில் 19 மையங்களில் ரிஃப்ளக்ஸ் உள்ள 607 குழந்தைகள். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் சிரப். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கவனித்தார்கள். வெறும் சிரப் குடித்த 305 பேரில் 72 பேருக்கு மறுபடி தொற்று. மருந்து குடித்த 302 பேரில் 39 பேருக்கு. ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் தொற்றால் கிட்னியில் விழும் தழும்பு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். மருந்து குடித்தும் தொற்று வந்தவர்களிடம் இருந்த கிருமிகள் பெரும்பாலும் அந்த மருந்துக்கு அடங்காதவை.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருந்தது. மூத்திரத்தை அடக்கிவைக்கும், மலச்சிக்கல் உள்ள குழந்தைகளுக்குத்தான் மருந்தால் பலன் அதிகம். சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு யு.கே.ஜி. பிள்ளை நினைவுக்கு வந்தாள். நான்கு தடவை தொற்று. எட்டு மாதம் நான் சிரப்பை மாற்றி மாற்றி எழுதினேன். "பாப்பா தினமும் வெளிக்குப் போறாளா?" என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. ஒருநாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இடது பக்கம் அடியில் கட்டி கட்டியாக மலம். பள்ளிக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். காலை எட்டரை முதல் மாலை நாலு மணிவரை இரண்டையும் அடக்கியிருக்கிறாள். முன்னமே கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு காய்ச்சலாவது மிச்சமாகியிருக்கும். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

மலக்குடல் நிரம்பிக் கிடந்தால் மூத்திரப்பையை அழுத்தும். பை முழுசாகக் காலியாகாது. தேங்கியதில் கிருமி வளரும். மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளை அமெரிக்காவின் அயோவாவில் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். மலச்சிக்கல் சரியானவர்களில், உறுப்பில் கோளாறு இல்லாத அத்தனை பேருக்கும் தொற்று நின்றுவிட்டது. உங்கள் மகளுக்கு ரிஃப்ளக்ஸ் இருப்பதால் அதே அளவு பலனுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அவள் தினமும் போகிறாளா, ஆட்டுப்புழுக்கை மாதிரி வருகிறதா, விளையாடும்போது காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாளா, குதிகால்மேல் உட்கார்ந்து அடக்குகிறாளா, பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதா என்று இரண்டு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் ஒரு மணைப்பலகை போடுங்கள். கால் ஊன்றினால்தான் முக்கிப் போக முடியும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லி வகுப்பு டீச்சரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டு பையிலேயே கிடக்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் அடித்தால், "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். 482 குழந்தைகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வில், கிட்னியில் தழும்பு விழுந்தவர்களுக்கு மருந்து தொடங்கும் முன்பே காய்ச்சல் சராசரியாக 72 மணி நேரம் ஆகியிருந்தது, விழாதவர்களுக்கு 48. அன்றைக்கே யூரின் கல்ச்சருக்கு (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்துவிடுங்கள், ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போகும் முன்பே.

கிரேடு 3 வளர வளரத் தானாகச் சரியாகும் பிள்ளைகள் நிறையப் பேர். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது காலண்டரைக் காட்டி, "எப்போது நிறுத்தலாம், எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர் என்றால், அந்தக் காலண்டரை நிரப்பப்போவதும் அவர்தானே.