மெரிட்டுக்கு எதிர்ச்சொல் எது?

கேள்வி: சென்ற இதழில், 'இடஒதுக்கீட்டில் சேர்ந்த அந்த மாணவியும் மெரிட்டில் சேர்ந்தவர்தான்' என்று எழுதியிருந்தீர்கள். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். மெரிட் என்றால் திறமை. ஒதுக்கீடு அதற்கு நேர் எதிரானது. அரசியலுக்காக அகராதியை வளைக்கலாமா? இலங்கையில் பல்கலைக்கழக இடங்களுக்கு மாணவரின் மொழியைப் பார்த்து வெவ்வேறு மதிப்பெண் வைத்த 'தரப்படுத்தல்' முறையை எதிர்த்தபோது நம்மவர்கள் கேட்டதும் இதே மெரிட்டைத்தானே? அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா?

- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, ஆங்கிலம் கற்பித்தவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால் ஆங்கிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

திறமையைச் சொல்ல ஆங்கிலத்தில் டேலண்ட், எபிலிட்டி, ஸ்கில் என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. மெரிட் அந்தக் குடும்பத்துச் சொல் இல்லை. லத்தீனில் 'மெரேரே' என்றால் ஈட்டுவது, ஒன்றுக்கு உரியவராவது. ரோமானியப் படைவீரர் சம்பளத்துக்குச் சேவகம் செய்ததையும் அந்த வினையால்தான் சொன்னார்கள். சேவகக் காலத்தை முழுதாக முடித்து வெளியே வந்தவர் 'எமெரிட்டஸ்'. தகைசால் பேராசிரியர் என்று இன்று நாம் சொல்வது அந்த எமெரிட்டஸைத்தான். கிரேக்கத்தில் பங்கு என்று பொருள்படும் 'மெரோஸ்' என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் உறவு உண்டு என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யாருக்கு எது சேர வேண்டும் என்ற கேள்வி இந்தச் சொல்லோடு கூடவே பிறந்தது.

நீங்கள் வகுப்பில் நிச்சயம் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்: மெரிட் வினையாகவும் வரும். இந்தக் குற்றம் கடும் தண்டனையை 'மெரிட்' செய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதலாம். அந்த இடத்தில் திறமை என்று போட்டுப் படித்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் ஒரு மனுவை 'மெரிட்ஸ்' அடிப்படையில் விசாரிக்கிறார்கள் என்றால், தாமதம், படிவப் பிழை போன்றவற்றை விட்டு வழக்கின் சாரத்தைப் பார்க்கிறார்கள் என்று பொருள். மனுதாரரின் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் புண்ணியத்துக்கு மெரிட் என்றே எழுதினார்கள். தான் ஈட்டிய புண்ணியத்தை இறந்துபோன உறவினருக்கு வழங்குவது பௌத்த நாடுகளில் இன்றும் உள்ள வழக்கம். திறமையை அப்படி யாருக்காவது எடுத்துக் கொடுக்க முடியுமா? மின்துறையில் 'மெரிட் ஆர்டர்' என்றொரு முறை உண்டு. எந்த மின்நிலையத்தின் மின்சாரம் மலிவோ அதை முதலில் எடுப்பார்கள். விலை குறைவாக இருப்பதே அங்கே மெரிட்.

இவ்வளவு இடங்களிலும் பொதுவாக நிற்கும் பொருள் ஒன்றுதான்: ஒரு நோக்கத்தை முன்வைத்து, அதற்கு எது உரியது, யார் உரியவர் என்று பார்ப்பது. நோக்கத்தைச் சொல்லாமல் மெரிட்டைப் பற்றிப் பேசவே முடியாது. 'எதற்கு மெரிட்?' என்று கேட்பது அரசியல் இல்லை ஐயா, அந்தச் சொல்லின் இலக்கணமே அதுதான்.

இதற்குச் சரியான தமிழ்ச் சொல் தகுதி. இந்தச் சொல்லைத் தமிழர்கள் எவ்வளவு கவனமாகப் புழங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பதினைந்து வயதுப் பையன் டிராக்டரை அருமையாக ஓட்டுவான். திறமை இருக்கிறது, உரிமம் பெறத் தகுதி இல்லை. பதினெட்டு வயதானால் எந்தத் தேர்வும் எழுதாமல் ஒருவர் தகுதியான வாக்காளர் ஆகிவிடுகிறார். சாலையில் ஓடப் பேருந்துக்குத் தகுதிச் சான்று வேண்டும். சட்டமன்ற உறுப்பினரைத் தகுதி நீக்கம் செய்கிறார்கள். அவருடைய பேச்சுத் திறமை அன்றும் அப்படியேதான் இருக்கிறது. அப்புறம், வள்ளுவர். நடுவு நிலைமை அதிகாரத்தைத் 'தகுதி எனவொன்று நன்றே பகுதியால் பாற்பட்டு ஒழுகப் பெறின்' என்றுதான் தொடங்குகிறார். அங்கே தகுதி என்பதற்கு நடுவு நிலைமை என்றே பரிமேலழகர் பொருள் சொல்கிறார். ஒரு பக்கம் சாயாமல் அவரவர்க்கு உரியதைச் செய்வதைத் தமிழின் முதன்மையான அறநூல் தகுதி என்று அழைத்திருக்கிறது.

அரசு அலுவலகத்தில் இன்னொரு சொல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சொல்: தகுதிகாண் பருவம். தேர்வெழுதி, தரவரிசையில் வந்து, பணி ஆணையும் வாங்கியவரை அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வேலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குகிறார்கள். மதிப்பெண் பட்டியல் உள்ளே வரும் வரிசையை மட்டும்தான் தீர்மானிக்கும், தகுதியை வேலையில்தான் காண வேண்டும் என்று அந்த ஒரு சொல் ஒப்புக்கொள்கிறது. மருத்துவப் படிப்பும் அப்படித்தான். எந்தப் பட்டியல் வழியாக உள்ளே வந்தாலும் பல்கலைக்கழகத் தேர்வு ஒன்றுதான், தேர்ச்சி மதிப்பெண் ஒன்றுதான், ஓராண்டு பயிற்சி மருத்துவராக இரவுப்பணி பார்ப்பதும் ஒன்றுதான். இடஒதுக்கீட்டில் வந்தவருக்கு யாரும் பட்டத்தை ஒதுக்கித் தருவதில்லை.

இனி நீங்கள் சொன்ன 'நேர் எதிரானது'. ஒரு சொல்லின் பொருள் தெரிய வேண்டுமானால் மக்கள் அதற்கு எதிராக எதை வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் எந்த டீக்கடையிலும் கேட்டுப் பாருங்கள். 'பையனுக்கு மெரிட்ல கெடச்சுதா, பேமெண்ட்டா?' என்றுதான் கேட்பார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் சட்ட வரலாறும் இருக்கிறது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியார் தொழிற்கல்லூரி இடங்களில் பாதியை ஃப்ரீ சீட், பாதியைப் பேமெண்ட் சீட் என்று வகுத்தது. அந்த ஏற்பாடு 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் மாற்றப்பட்டுவிட்டது. பேச்சு மாறவில்லை. கலந்தாய்வில் வரிசைப்படி வந்து, அரசுக் கட்டணத்தில் கிடைத்த இடம் மெரிட். பணம் கட்டி வாங்கியது பேமெண்ட். கோட்டா என்றால்கூடப் பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது மேனேஜ்மென்ட் கோட்டாதான். எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் இடம் வாங்கிய பிள்ளையின் தாய் 'மெரிட்ல வந்துட்டா' என்று தெருவெல்லாம் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் தமிழ்நாட்டுத் தமிழைச் சரியாகப் பேசுகிறார். மெரிட்டுக்கு எதிர்ச்சொல் ஒதுக்கீடு என்பது ஆங்கில நாளேடுகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் புழங்கும் பேச்சு.

இதோடு சேர்த்து இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தின் பின்பகுதியிலும் அது இருந்தது. ஓ.சி. என்பதை நீங்கள் ஒரு சாதிப் பிரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஓ.சி. என்றால் ஓப்பன் காம்பெடிஷன், பொதுப் போட்டி. தமிழ்நாட்டில் இடஒதுக்கீட்டுக்கான 69 விழுக்காடு போக எஞ்சும் 31 விழுக்காடும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பட்டியல் சாதி மாணவர் தம் மதிப்பெண்ணால் அதில் வந்தால் அவர் இடம் அதிலேயேதான் கணக்கு. ஒதுக்கீட்டுக்குரிய ஒவ்வொரு பிரிவிலும் தனித் தரவரிசை உண்டு. முதலில் நிற்பவருக்கு முதலில் இடம். அந்தப் பட்டியல்கள் ஒவ்வொன்றும் மெரிட் பட்டியல்தான். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டத்திலும் நீட் மதிப்பெண் வரிசைதான் முடிவு செய்கிறது. 2020இல் அந்தச் சட்டம் வரும்வரை, அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. ஓராண்டுக்குள் பிள்ளைகளுக்குத் திடீரென்று மூளை வளர்ந்துவிடவில்லை. யாரோடு யாரை வரிசையில் நிறுத்துகிறோம் என்பது மாறியது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நீட்டில் குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண்ணைத் தொட்டுவிட்டு, தரவரிசையில் வெகு தொலைவு பின்னால் நிற்பவர், ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்ட முடிந்தால் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடலாம். அவர் மருத்துவராகி வந்து நாடி பிடிக்கும்போது 'நீங்கள் மெரிட்டா?' என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி லோடு ஏற்றும் தொழிலாளியின் மகளுக்கு மட்டும் போகிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

2022 ஜனவரியில், அகில இந்தியத் தொகுப்பு மருத்துவ இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு தந்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி சந்திரசூட் எழுதிய அந்தத் தீர்ப்பு, திறந்த போட்டித் தேர்வில் ஒருவர் வாங்கும் மதிப்பெண்ணுக்குள் மெரிட்டைச் சுருக்கிவிட முடியாது என்கிறது. குடும்பம் சேர்த்துவைத்த கல்வி, பயிற்சிக்குக் கொட்டிய பணம், வீட்டில் புழங்கும் மொழி எல்லாம் அந்த மதிப்பெண்ணுக்குள் கணக்கில் வராமல் ஒளிந்திருக்கின்றன. மெரிட் உள்ளவர்களின் ஆட்சி என்று பொருள்படும் மெரிட்டாக்ரசி என்ற சொல்லைப் பரப்பிய பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958லேயே இதற்காகத்தான் எச்சரித்தார். அவர் அந்தச் சொல்லைக் கண்டனமாக எழுதினார். பின்னாளில் பிரதமர் டோனி பிளேர் அதைப் பாராட்டாகப் பேசியபோது, 2001இல், தம் முதுமையில், வருந்திக் கட்டுரை எழுதினார்.

சரி, இலங்கைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் கனமானது இதுதான். ஈழத் தமிழ்ப் பத்திரிகைகளில் மெரிட்டைத் 'திறமை அடிப்படை' என்றே எழுதுவார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். 1970களின் தொடக்கத்தில் அங்கே நடந்தது என்ன? மருத்துவப் படிப்புக்குத் தமிழ் மாணவர் 400க்கு 250 வாங்க வேண்டும், சிங்கள மாணவருக்கு 229 போதும் என்று வைத்தார்கள். அளவுகோல் மொழி. கொழும்பின் பெரிய கல்லூரியில் சிங்களத்தில் படித்த வசதியான வீட்டுப் பையனைவிட, மன்னார்ப் பக்கத்துச் சிறு பாடசாலையில் தமிழில் படித்த ஏழைப் பையன் கூடுதலாக வாங்கியாக வேண்டும். யாருக்கு வாய்ப்பு குறைவாக இருந்தது என்று அந்த முறை கேட்கவே இல்லை. அதிகாரத்தில் இருந்த பெரும்பான்மை, சிறுபான்மையின் பங்கைக் குறைக்க அதைக் கையில் எடுத்தது. அதை எதிர்த்தவர்கள் கேட்டது நடுவு நிலைமை, வள்ளுவர் சொன்ன தகுதி.

பின்னால் அங்கே மாவட்ட முறை வந்தது. இன்று 40 விழுக்காடு இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. பின்தங்கிய அந்தப் பட்டியலில் மன்னார், முல்லைத்தீவு, வவுனியாவும் இருக்கின்றன. அந்த வழியில் பல்கலைக்கழகம் போகும் வன்னிப் பிள்ளையை நாம் தகுதியில்லாதவர் என்று சொல்வோமா? நான் சொல்ல மாட்டேன். மொழியைப் பார்த்துத் தடையை உயர்த்துவதும், வாய்ப்பு இல்லாததைப் பார்த்துக் கதவைத் திறப்பதும் இரு வேறு செயல்கள். இரண்டு நாட்டிலும் நான் பிடித்திருப்பது ஒரே நியாயம்தான்.

சென்ற இதழில் நாங்கள் எழுதிய மாணவிக்கு உங்கள் கடிதத்தை நான் காட்டவில்லை. பன்னிரண்டு வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்தவர், எம்.பி.சி. பட்டியலில் தம் வரிசைப்படி இடம் பெற்றவர். 'மெரிட்டில் சேர்ந்தவர்' என்ற அந்த வரியைத் திருத்தச் சொல்லியிருந்தீர்கள். திருத்தவில்லை.