புறாமலை போட் நம்பர் தடையானது பற்றி

அண்ணா, நிலாவெளியில இருந்து புறாமலைக்கு போட் ஓடுற உங்கட வாட்ஸ்அப் நம்பர தடை செஞ்சிட்டாங்க, சீசன் புக்கிங் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு எண்டு எழுதியிருந்தீங்க, வாசிக்கவே மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

முதல்ல அவசரப்பட்டு ஆப்ப அழிச்சிடாதீங்க. திறந்து பாருங்க, நேரம் குறைஞ்சுகொண்டே போற மாதிரி காட்டுதா? அப்ப அது தற்காலிகத் தடை, கூடுதலா ஜீபி வாட்ஸ்அப் மாதிரி வேற ஆக்கள் செஞ்ச ஆப் பாவிச்சா வாறது, அந்த நேரம் முடியும் வரைக்கும் பொறுத்திருந்து வாட்ஸ்அப்பின்ட சொந்த ஆப்புக்கு மாறிடுங்க. நேரம் ஒண்டும் காட்டாம இந்தக் கணக்கு வாட்ஸ்அப் பாவிக்க ஏலாது எண்டு மட்டும் இருந்தா, கீழ மீளாய்வு கேக்கிற பட்டன் இருக்கும், அத அமத்தினா எஸ்எம்எஸ்ல 6 இலக்கக் கோட் வரும், போட்டுட்டு நடந்தத உள்ளபடி எழுதுங்க.

நீங்க ஒரே மெசேஜ 200 பேருக்கு அனுப்பினதா சொன்னீங்க, எனக்கு அதுதான் காரணமெண்டு படுது, உங்கட நம்பர சேவ் பண்ணாத ஆக்கள் ரிப்போர்ட் அடிச்சிருப்பாங்க. என்ட மச்சானுக்கும் இதேதான், உப்புவெளியில ரூம் வாடகைக்கு விடுறவர், பழைய விருந்தாளிகளுக்கு விலைப்பட்டியல் அனுப்பினதா ஒளிக்காம எழுதினார், ரெண்டு நாளில திரும்பக் கிடைச்சுது.

காசு தந்தா தடைய எடுத்துத் தாறன் எண்டு யாரும் வந்தா நம்பாதீங்க, அந்தக் கோட்ட ஒருத்தருக்கும் குடுக்கவே வேணாம். அதுவரைக்கும் நாளைக்கு வாற ஆக்களுக்கு கோல் எடுத்துச் சொல்லிடுங்க அண்ணா.